ஐப்பசி பிறக்கும் முன் வீட்டைத் தயார் செய்யுங்கள்: கொங்கு நாட்டில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் வழியில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தேன். முன்கட்டு ஓடு, பின்கட்டு மொட்டை மாடி. நான் காவிரிக் கடைமடைக்காரன். அடைமழையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பக்கத்து மழை என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் ஐப்பசியிலேயே ஆசாரத்து (முன்கூடத்து) சுவர் ஊறிக் காரை பெயர்ந்து விழுந்தது. மூன்று பேரை அழைத்து மூன்று முறை பூசினேன். 38,000 ரூபாய் செலவானது, ஒழுகல் நிற்கவில்லை. நான்காவதாக வந்த வயதான கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கவே இல்லை. தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கி, கூரையில் ஒவ்வோர் இடமாக நனைத்துக்கொண்டே வந்தார். ஓட்டுக் கூரை முடிந்து மாடிச் சுவர் எழும்பும் இடுக்கில் தண்ணீர் விட்டதும், அங்கிருந்து பதினைந்து அடி தள்ளி ஆசாரத்தில் ஈரம் தெரிந்தது. அந்த இடுக்கை அடைக்க ஆன செலவு 4,600 ரூபாய்தான்.

தண்ணீர் நுழையும் இடமும் அது தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. இதை அறியாமல் செலவழிக்கும் பணம் வீண். கோவை, திருப்பூர், ஈரோடு என்று வேலைக்காக வந்து பழைய வீடு வாங்கியவர்களும் வாடகைக்குப் பிடித்தவர்களும் என்னைப் போல் அலையக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். ஐப்பசியும் ஏறக்குறைய அப்போதுதான் பிறக்கிறது. கோவையில் ஆண்டின் மிக அதிக மழை அக்டோபர், நவம்பரில்தான் பெய்கிறது. ஆனைமலை அடிவாரத்திலும் வால்பாறையிலும் ஆனி, ஆடிச் சாரலும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் வீடு இருந்தால் சித்திரையிலேயே கூரை வேலையை முடித்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஆவணிதான் சரியான மாதம். விரிசலை அடைத்தால் ஏழு நாள் நீராற்ற (நனைத்துக்கொண்டே வைக்க) வேண்டும், பிறகு நன்றாகக் காய வேண்டும், அதற்கு மேல்தான் பூச்சு. எல்லாம் சேர்ந்து மூன்று வாரம் ஆகும். புரட்டாசியில் மாலை இடிமழை அடிக்கடி வரும் என்பதால், அப்போது தொடங்கினால் வேலை இழுத்துக்கொண்டே போகும். தீபாவளி நெருங்கும் வேளையில் ஆளும் கிடைக்காது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வெள்ளையடிப்பு நடக்கும், வெளியூர் ஆட்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஒன்று கவனித்தேன். ஆடியில் புது வீட்டுவேலை தொடங்கப் பலர் தயங்குவதால் கொத்தனார்களுக்கு அப்போது கொஞ்சம் ஓய்வு இருக்கிறது. ஆளைப் பார்த்து, வீட்டைக் காட்டி, நாள் குறித்துக்கொள்ள அதுவே நல்ல நேரம்.

2. ஓட்டுக் கூரை: உள்ளிருந்து பாருங்கள், கீழிருந்து நனைத்துப் பாருங்கள்

நல்ல வெயிலில், கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு அறைக்குள் நின்று மேலே பாருங்கள். அட்டாலி (பரண்) இருந்தால் அதில் ஏறிப் பாருங்கள். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் அருகிலிருக்கும் மரத்தில் சாக்பீஸால் குறியுங்கள். கூரையைத் தாங்கும் கைமரத்திலும், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டத்திலும் கறுத்த தடம் இருந்தால் அது பழைய ஒழுகல். அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. மரத்தை மாற்றாமல் ஓட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஒருவர் வீட்டுக்குள் நிற்க, மற்றவர் குழாயால் நனைக்க வேண்டும். தாழ்வாரத்து ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து முகட்டை நோக்கி மேலேறுங்கள். முகட்டிலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா வரிசையும் நனைந்துவிடும். எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. முகட்டு ஓடும், சுவரோடு கூரை சேரும் இடமும், இரண்டு சரிவுகள் கூடும் மடக்கும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

இந்தப் பக்கத்தில் ஓடு உடைவதற்குத் தென்னையும் மயிலும் பெரிய காரணங்கள். கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் மரத்தில் காய்ந்த மட்டையையும் முற்றிய காய்களையும் புரட்டாசிக்குள் இறக்கிவிடுங்கள். கிளையோ மட்டையோ மின்கம்பியை உரசுமானால் நீங்கள் கை வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. அதில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஓட்டு வேலையில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, ஓட்டுக்கு ஓடு இடையில் சிமென்ட் வைத்துப் பூசுவது. ஓடு வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும். ஆறு மாதத்தில் அந்தப் பூச்சு பிளந்துவிடும். அதன் பிறகு ஓர் ஓட்டை மாற்றவும் அக்கம்பக்கத்து நான்கு ஓடுகளை உடைத்தாக வேண்டும். சிமென்ட், முகட்டுக்கும் சுவரோரத்துக்கும் மட்டும் போதும். இரண்டாவது, அவசரத்துக்குத் தார்ப்பாயை விரித்து மேலே கல் வைப்பது. காற்றில் கல் உருண்டு, இருக்கிற ஓடும் உடையும். தார்ப்பாயின் ஓரக் கண்களில் கயிறு கட்டித் தூணில் இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது, வெறும் ஓட்டின் மேல் நடப்பது. ஏணியோ பலகையோ போட்டு, அதன் மேல்தான் ஏற வேண்டும். பழகிய ஆள் ஏறுவது இன்னும் நல்லது.

மாற்று ஓடு வாங்கப் போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மங்களூர் ஓடு என்ற பெயர் ஒன்றே ஆனாலும், ஒரு சூளையின் ஓடு மற்றொன்றின் காடியில் (பள்ளத்தில்) சரியாக உட்காராது. பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடைகளில் நான் ஓடு ஒன்று 22 ரூபாய்க்கு வாங்கினேன். தேவைக்கு மேல் இருபது ஓடு வாங்கிப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) அடுக்கி வைத்திருக்கிறேன். நடுமழையில் ஓர் ஓட்டுக்காக ஊர் ஊராக அலைந்தவன் நான்.

3. மொட்டை மாடி: தேக்கிப் பார்க்காமல் பூச விடாதீர்கள்

மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். மழைநீர்க் குழாய் வாயைப் பாலிதீன் சுற்றிய துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்குங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் கோடாகக் குறித்து, 24 மணி நேரமும் 48 மணி நேரமும் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஓரளவு ஆவியாகும், அது இயல்பு. கீழே மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும், சுவரும் கூரையும் சேரும் மூலைகளிலும், விளக்குக் குழாய் இறங்கும் இடத்திலும் கையால் தொட்டுப் பாருங்கள்.

என் மாடி 420 சதுர அடி. அதற்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் தண்ணீர், அதாவது இரண்டு டன் எடை. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளமாகவோ, கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு உதிர்கிற தளமாகவோ இருந்தால் தேக்கவே தேக்காதீர்கள். அங்கே குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, குழாய் வாயைச் சுற்றிய வளையம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எழுப்பிய மேடை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். விரிசலைச் சும்மா மேலே பூசி மறைக்கக் கூடாது. வி வடிவில் கொத்திப் பிளந்து, தூசி போகக் கழுவி, பாலிமர் கலந்த சிமென்ட்டால் அடைக்க வேண்டும். மூலைகளில் அரைவட்டமாகக் காரை வைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு கை பூச்சு. இரண்டாவது கை, முதல் கைக்குக் குறுக்குவாக்கில் போக வேண்டும்.

ஈரத் தளத்தில் பூசினால் பூச்சு கொப்புளம் கட்டி உரிந்துவிடும். எனக்கு இரண்டாம் முறை நடந்தது இதுதான். இரவு முழுவதும் மழை பெய்திருந்தது. மறுநாள் காலையிலேயே வந்து பூசிவிட்டுப் போனார்கள். ஒரு பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் நாடா ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் வியர்த்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. எத்தனை அவசரமானாலும் பூச விடாதீர்கள்.

4. கூலி, ஒப்பந்தம், ரசீது

நாற்பது சதுர அடி விரிசலுக்காக மாடி முழுவதையும் பூசச் சொல்வார்கள். தேக்கிப் பார்த்து இடம் தெரிந்திருந்தால் நீங்கள் மறுத்துப் பேச முடியும். சென்ற ஆண்டு நான் கொத்தனாருக்கு நாளுக்கு 1,100 ரூபாயும் சித்தாளுக்கு 700 ரூபாயும் கொடுத்தேன். ஒப்பந்தமாக விட்ட பூச்சு வேலை, சாமானும் சேர்த்துச் சதுர அடிக்கு 38 ரூபாய் ஆனது. பெருநகரத்தில் இன்னும் கூடும்.

வாய்ப்பேச்சில் வேலை கொடுக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், எத்தனை கை பூச்சு, எத்தனை நாளில் முடியும், எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பூச்சு வாளியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் படமெடுத்து வையுங்கள். என்னிடம் ‘பத்து வருட கேரண்டி’ என்று சொன்னவர் தாளில் எழுதச் சொன்னதும் இரண்டு ஆண்டாகக் குறைத்தார்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். சாமான் இறங்கும்போது ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு, மறுபடி தேக்கிப் பார்த்து ஒழுகாத பிறகு மீதி. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒப்புக்கொள்வார்.

5. வாடகை வீடு என்றால்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டடத்தின் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, சுவிட்ச், சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கூரை ஒழுகினால் செலவு உங்களுடையது அல்ல. ஒழுகலுக்கு நீங்கள் காரணமாக இருந்தால் மட்டுமே உங்களைக் கேட்கலாம்.

ஆனால் கையில் எழுத்து இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆவணியிலேயே படங்களோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். நேரில் கேட்கச் சங்கடமாக இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்களே செலவு செய்து வாடகையில் கழிப்பதாக இருந்தால், வேலைக்கு முன்பே அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

6. சுவர்: மண்சுவருக்கு சிமென்ட் ஆகாது

ஐப்பசி மழை கிழக்கும் வடக்குமாக அடிக்கும். அந்த இரண்டு பக்கத்துச் சுவரையும் சன்னல் மேல் சாய்ப்பையும் முதலில் பாருங்கள். சாய்ப்பின் அடி விளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி இருக்க வேண்டும். அது அடைபட்டிருந்தால் தண்ணீர் சுவரோடு ஊர்ந்து சன்னலுக்குள் வரும்.

நடுவில் திறந்த முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் கருங்கல் அடித்தளத்தின் மேல் மண்சுவர் வைத்திருப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, சுவரின் அடி கரைகிறது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். இரண்டு மழையில் பாளம் பாளமாக உரியும். சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் அந்தச் சுவருக்குப் பொருந்தும். என் வீட்டு ஆசாரத்தில் முன்பிருந்தவர் பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கு மாறினேன். ஒரே கோடையில் சுவர் காய்ந்தது.

சுவரோரம் மண் உயர்ந்திருந்தால் வெட்டி எடுத்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுமாறு சரிவு கொடுங்கள். அரைநாள் வேலை.

7. தண்ணீர் போகும் வழி, பூச்சிகள் வரும் வழி

மழைநீர்க் குழாய்களில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கி இறங்கினால் உள்ளே அடைப்பு இருக்கிறது. மழைநீர்ச் சேமிப்புத் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் இரண்டு மழையின் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே போக விடுங்கள். பறவை எச்சமும் இலைக்குப்பையும் அதில்தான் வரும். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி, காற்றுக் குழாய்க்குக் கொசுவலை. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மழையில் வளைகளில் தண்ணீர் புகுந்ததும் பாம்புகள் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலி அதிகம் தெரியாததால் கடிபட்டது தெரியாமலே போகலாம். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, சாக்கடை வாய்க்குக் கம்பிவலை, விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குதல் ஆகிய மூன்றையும் செய்யுங்கள். மழைக்காலத்தில் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். கடித்தால் 108, நேரே அரசு மருத்துவமனை. கட்டுப் போடவும் கீறவும் நேரம் கடத்தாதீர்கள்.

8. மார்கழிக் குளிர்

சமவெளியில் குளிர் பெரிய சுமை அல்ல. கோவையில் மார்கழி, தை விடியற்காலை 18 டிகிரியை ஒட்டி இறங்கும். வால்பாறையிலும் ஏற்காட்டிலும் நிலைமை வேறு. அங்கே சன்னல் இடுக்குகளை அடைப்பதும் கம்பளியும் கட்டாயம்.

வெந்நீர்தான் செலவு வைக்கும். 2,000 வாட் கீசர் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 120 யூனிட். இது உங்கள் பயன்பாட்டை 500 யூனிட்டைத் தாண்ட வைத்தால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். குளிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு போட்டு உடனே அணையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால், கீசரையும் சூரிய வெந்நீர்க் கலனையும் புரட்டாசியிலேயே கழற்றி உப்பைச் சுரண்ட வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி உங்கள் மின்பலகையில் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனிடம் அப்போதே கேளுங்கள்.

கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மலை வீடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குடும்பத்தோடு உயிர் போகும். கேஸ் கீசரையும் குளியலறைக்கு வெளியேதான் பொருத்த வேண்டும்.

சிவப்புத் தரையும் கல் தரையும் மார்கழியில் சில்லிடும். பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்து விரித்தாலே போதும். சென்னிமலைப் போர்வைகளைத் தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸில் வாங்கிவிடுங்கள். பீரோவில் இருக்கும் பழைய போர்வைகளைப் புரட்டாசி வெயிலில் இரண்டு நாள் உலர்த்துங்கள்; ஐப்பசி பிறந்தால் அந்த வெயில் கிடைக்காது. தையில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். தெற்குச் சன்னல்களைக் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை திறந்து வையுங்கள்.

மழையில் உப்பிய கதவை உடனே இழைக்காதீர்கள். மாசியில் மரம் காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விழுந்துவிடும். ஓரத்தில் மெழுகு தேய்த்துச் சமாளியுங்கள்.

9. ஓர் உறை, ஓர் இடம்

சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல், வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம், கூரை வேலை ரசீது எல்லாவற்றையும் ஒரே பாலிதீன் உறையில் உயரமான இடத்தில் வையுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியினர் இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரியை அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. ரசீதும் புதியதாக இருக்கும்.

மழைக்கு முன் வீட்டின் நான்கு புறத்தையும் படமெடுத்து வையுங்கள். சுவரோ கூரையோ விழுந்தால், இடிபாட்டை அள்ளும் முன் மறுபடியும் படமெடுங்கள். அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். அவர் நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கையை வைத்துத்தான் வட்டாட்சியர் அலுவலகம் நிவாரணம் வழங்கும். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் அன்றே சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

10. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்

போகியன்று நடக்கும் காப்புக் கட்டுக்கு முன் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு ஏறிவிட்டால் அந்த மழையின் ஈரத்தடம் முழுவதும் மறைந்துபோகும். அடுத்த ஆவணியில் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதனால் மார்கழிக் கடைசி வாரத்தில், ஆள் வருவதற்கு முன், ஒவ்வொரு ஈரத்தடத்தின் விளிம்பையும் பென்சிலால் வளைத்துக் குறித்துப் படமெடுங்கள். தரையிலிருந்தும் பக்கத்துச் சுவரிலிருந்தும் அது எத்தனை அடி என்று அளந்து, கொத்தனாரோடு எழுதிய அதே தாளின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.